கெம்பம்மா சொன்ன சாட்சி

அத்திபெலேயைத் தாண்டியதும் எங்கள் பஸ்ஸின் இன்ஜினிலிருந்து புகை வந்தது. டிரைவர் ஓரங்கட்டி இறங்கினார். முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பீடி பற்றவைத்தார். அதிலேயே எங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூட்டை முடிச்சோடு எல்லோரும் இறங்கினோம்.

சாலையோரம் ஒரு டீக்கடை. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த கன்னடத்தில் "ஒந்து டீ கொடி" என்றேன். "சக்கரை கம்மியா போடவா மேடம்?" என்று கடைக்காரர் தமிழில் கேட்டார். பலகையில் கன்னடம், வாயில் தமிழ். எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "இப்பத்தான் தாண்டி வந்தீங்க. எங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரே தூசிதான்" என்றார்.

நான் திண்டிவனம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. பெயர் அஞ்சலை. இருளர் சமூகம். வயது ஐம்பதை நெருங்குகிறது. அதுவரை பெங்களூருக்குப் போனதில்லை. எங்கள் குடியிருப்பிலிருந்து செங்கல் சூளைக்குப் போய், அப்படியே பெங்களூர் கட்டட வேலைக்குப் போனவர்கள் உண்டு. நான் போனது வேறு காரியத்துக்கு.

ஒரு கூட்டத்தில் பழக்கமான வக்கீல் கௌதமி போன் செய்திருந்தாள். பெங்களூர் ஆஸ்டின் டவுன் தமிழ்ப் பெண். "அக்கா, இங்க பன்னேர்கட்டா தாண்டி இருளிகர்னு இருக்காங்க. உங்க ஆளுங்கதான்னு நெனைக்கிறேன். காட்டுக்குள்ள இருந்த அவங்க பழைய ஊருக்கு உரிமை கேட்டு மனு போட்டிருக்காங்க. ஒரு பெரியம்மா வாக்குமூலம் கொடுக்கணும். கன்னடம் நல்லா பேசுவாங்க. ஆனா இத மட்டும் என் பேச்சுலதான் சொல்லுவேன்னு பிடிவாதம். அவங்க பிள்ளைங்க மொழிபெயர்த்தா ஒத்துக்க மாட்டாங்க, மனு போட்டதே அவங்கதானே. நீங்க வரணும்."

"எனக்கே பாதிதான் புரியும் கௌதமி. எங்க பேச்சு என் அம்மாவோட போயிடுச்சு."

"பாதி புரியிற ஆளுகூட இங்க இல்லக்கா. வாங்க, பர்வாயில்ல."

அப்படித்தான் வந்தேன். வேறு பஸ் பிடித்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்தபோது தலைக்கு மேல் இன்னொரு சாலை ஓடிக்கொண்டிருந்தது. காசு கட்டுகிறவர்கள் மேலே பறக்கிறார்கள். எங்கள் பஸ் அதன் நிழலில் நின்று நின்று ஊர்ந்தது. பக்கத்தில் நின்ற கம்பெனி வண்டியில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் சூளையிலிருந்து டிராக்டரில் திரும்புகிற பெண்களும் அப்படித்தான் தூங்குவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். மெஜஸ்டிக் பஸ் நிலையம் வரை போய், விசாரித்து, திரும்பி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

கௌதமியின் வீடு ஆஸ்டின் டவுனில் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. முன்னறையில் சின்ன புத்தர் சிலை, அதன் முன்னால் ஒரு மெழுகுவத்தி. பெங்களூர் சாம்பாரில் வெல்லம் இருக்கும் என்று பயந்துகொண்டே வந்தேன். கௌதமியின் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். "இதெல்லாம் சாப்பிடுவீங்களா டீச்சர்?" என்று தயங்கிக் கேட்டார். "இது இல்லாமத்தான் சாப்பிட மாட்டோம்" என்றேன். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் என்னை விருந்தாளியாக நடத்தவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கௌதமி விவரம் சொன்னாள். காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அந்த இடத்தில் உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. வாழ்ந்ததற்குக் காகிதம் இல்லாவிட்டால் பெரியவர்களின் வாக்குமூலம் செல்லும். பழைய கிணறு, சாமி இடம், இடுகாடு இருந்தால் அதுவும் சாட்சி. "நெஜமாவே செல்லுமா?" என்று கேட்டேன். "சட்டத்துல செல்லும். ஆபீஸ்ல செல்ல வைக்கணும்" என்றாள்.

மறுநாள் காலை அவளுடைய ஸ்கூட்டரில் கிளம்பினோம். அடுக்குமாடிகள் முடிந்து கல் குவாரிகள் வந்தன. குவாரிகள் முடிந்த இடத்தில் காடு தொடங்கியது. காட்டின் ஓரத்தில் தகரக் கூரையும் ஓடுமாகக் கொஞ்சம் வீடுகள். அந்தக் குடியிருப்பை அவர்கள் தொட்டி என்கிறார்கள். நமக்குத் தொட்டி என்றால் தண்ணீர் பிடிக்கிற இடம். அங்கே மனிதர்கள் இருக்கிற இடம்.

கெம்பம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நரைத்த தலை, இறுகிய உடம்பு. பக்கத்தில் அவருடைய தம்பி ஹொன்னய்யா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் எழுபதுக்குக் குறையாது. கௌதமி என்னை அறிமுகப்படுத்தினாள். கெம்பம்மா என் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர்கள் பேச்சில் ஏதோ கேட்டார். ஒரு சொல் புரிந்தது: கிழங்கு. கிழங்கு தோண்டிய கையா என்று கேட்கிறார்.

"என் அம்மா கை அப்படி இருக்கும். என் கை சாக்பீஸ் பிடிச்ச கை" என்று தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் பேசியதில் அவருக்கும் பாதி புரிந்திருக்க வேண்டும். மற்ற பாதியை நாங்கள் இருவரும் முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொண்டோம்.

மதியம் களியும் பஸ்ஸாரும் போட்டார்கள். கீரையை வேகவைத்து இறுத்த தண்ணீரில் மிளகும் பூண்டும் அரைத்துவிட்டு வைக்கிற சாறு அது. எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரை அப்படியே குடிப்போம். நான் களியை மென்று விழுங்குவதைப் பார்த்துக் கெம்பம்மா முதல் முறையாகச் சிரித்தார். அதை உருட்டி அப்படியே விழுங்க வேண்டுமாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பேசத் தொடங்கினார். மெதுவாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நான் விழித்தால் அதையே வேறு சொல்லில் சொன்னார். ஊர் உள்ளே ஒரு பாறையடியில் இருந்தது. மழைக்காலத்தில் கிழங்கு, வெயில் காலத்தில் தேன், நடுவில் கேழ்வரகு. ஒரு நாள் காலை வனத்துறை ஆட்கள் லாரியோடு வந்தார்கள். கூரையைப் பிரிக்கக்கூட விடவில்லை. அடுப்பில் வைத்த பானையோடு ஏற்றினார்கள். நாய்கள் ரொம்ப தூரம் லாரிக்குப் பின்னால் ஓடி வந்தன.

"எல்லாரையும் ஏத்தினாங்க. என் பொண்ண மட்டும் ஏத்தல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன்.

"அது அங்க படுத்திருந்துச்சு. பொறந்து ஒரு அமாவாசைகூடப் பாக்கல. காய்ச்சல். எனக்குத் தீட்டு, எழுந்திரிக்க முடியல. இவன்தான் தோள்ல போட்டுட்டுப் போய்ப் பொதைச்சு, மேல கல்ல அடுக்கினான். அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லதான் லாரி வந்துச்சு. நான் அந்தக் கல்ல ஒரு தடவைகூடப் பாக்கல."

ஹொன்னய்யா மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அங்க ஒண்ணுமில்ல அக்கா. எத்தனை தடவ சொல்றது. யானை மிதிச்சு எல்லாம் போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் போவதையே கெம்பம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பவும் இதையேதான் சொல்றான்" என்றார்.

அடுத்த நாள் இடம் பார்க்க அதிகாரி வந்தார். கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். கோலார் பக்கம் வேலை பார்த்ததால் தமிழ் ஓரளவு வரும். யானை பயத்துக்குத் துணையாக ஒரு வனக் காவலர். முந்தைய நாள் இரவு பெய்த மழையில் அதிகாரியின் ஜீப் தொட்டியைத் தாண்டியதுமே சேற்றில் புதைந்தது. எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். சக்கரம் சுற்றிச் சுற்றி எங்கள் மேலெல்லாம் சேற்றை வாரி இறைத்ததே தவிர அசையவில்லை. "இவங்க நடந்துதானே போனாங்க, நாமளும் நடப்போம்" என்று அதிகாரியே சொல்லிவிட்டார்.

ஹொன்னய்யா முன்னால் போனார். பாதை என்று எதுவும் இல்லை, உண்ணிச்செடிப் புதர்கள்தான். எங்கே குனிய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கெம்பம்மா கம்பை ஊன்றி நடந்தார். வழியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் சொன்னார். கரடி உட்கார்ந்த பள்ளம். மாமியார் வழுக்கிய பாறை. நான் அவற்றைத் தமிழில் சொல்ல, கௌதமி கன்னடத்தில் எழுதிக்கொண்டாள்.

பாறையடிக்கு வந்தோம். பாறையில் வரிசையாகக் குழிகள், கேழ்வரகு இடித்த இடம். கெம்பம்மா ஒரு குழிக்குள் கையை விட்டு, தேங்கிய மழைத் தண்ணீரை வெளியே தள்ளினார். "இது என் அம்மாவோடது" என்றார். பக்கத்தில் ஒரு புளியமரம், கல் அடுக்கிய ஊற்று. அதிகாரி ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"இடுகாடு இருந்ததா? அது இருந்தால் இந்த மனுவுக்குப் பெரிய பலம்."

"இல்லா" என்று ஹொன்னய்யா கன்னடத்தில் சொன்னார்.

கெம்பம்மா தம்பியின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. தங்கள் பேச்சில் சொன்னார்: "என் பொண்ணு அங்க இருக்கு. அது பொறக்கவே இல்லன்னு சொல்றியா?"

எனக்கு முழுசாகப் புரிந்தது. ஒரு சொல்கூடத் தவறவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

என் அம்மாவை எங்கள் ஊர் ஏரிக்கரையில்தான் புதைத்தோம். இருளர்களுக்கு என்று இடுகாடு கிடையாது. சில வருஷம் கழித்து ஏரியைத் தூர்வார இயந்திரம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கரை புதிதாக, சமமாக இருந்தது. அம்மா எந்த இடத்தில் இருந்தாள் என்று யாராலும் காட்ட முடியவில்லை. அங்கே புதைத்திருக்கிறோம் என்று முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்று இன்றைக்கும் நினைப்பேன். கெம்பம்மா சொன்னதைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஹொன்னய்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

"அவங்க தம்பிகிட்ட பேசினாங்க சார். உங்களுக்குச் சொல்லணும்னு நெனைச்சா அவங்களே சொல்லுவாங்க. கொஞ்ச நேரம் கொடுங்க" என்றேன்.

கௌதமி பல்லைக் கடித்தாள். அவளுக்கு வழக்கு முக்கியம், அதில் தப்பில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போய்ப் புளியமரத்து வேரில் உட்கார்ந்தார்.

அக்காவும் தம்பியும் என்னையும் கூட உட்காரச் சொன்னார்கள். ஹொன்னய்யா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். காட்டுக்குள் அவர்களுடைய சாமிக் கல் ஒன்று இருந்ததாம். நல்ல மாதிரி பேசிய ஒருவருக்கு நம்பிக் காட்டினாராம். அடுத்த முறை போனபோது கல் கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஆள் உயரப் பள்ளம். புதையல் தேடுகிறவர்கள் தோண்டியிருந்தார்கள்.

"சாமிக் கல்லையே விடல. பொதைச்ச எடம்னு தெரிஞ்சா விடுவாங்களா? அவரு போன்ல புள்ளி வெச்சுட்டுப் போவாரு. அந்தப் புள்ளி யாரு யாரு கைக்குப் போவும்?"

"ஒண்ணுமில்லாத எடத்துல எதத் தோண்டுவாங்க? யானை மிதிச்சுப் போச்சுன்னு நீதானே சொன்ன" என்றார் கெம்பம்மா.

ஹொன்னய்யா எழுந்து, எங்கள் யாரையும் கூப்பிடாமல், ஊற்றுக்கு மேலே ஏறத் தொடங்கினார். கெம்பம்மா கம்பை எடுத்தார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

புதருக்குள் குனிந்து நுழைந்த இடம் சட்டென்று திறந்தது. உள்ளே உண்ணிச்செடி ஒன்றுகூட இல்லை. தரை வெட்டிச் சீராக்கப்பட்டிருந்தது. ஆங்காங்கே கல் குவியல்கள். ஓரத்தில் எல்லாவற்றையும் விடச் சின்னதாக ஒரு குவியல். அதைச் சுற்றி ஆற்றுக் கூழாங்கல் பதித்திருந்தது. வெட்டிய செடிகளின் அடிக்கட்டை இன்னும் வெளுப்பாக இருந்தது. சில நாட்களுக்கு முன்னால்தான் வெட்டியிருக்க வேண்டும்.

கெம்பம்மா அந்தச் சின்னக் குவியலைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"யாரு வெட்டினது?"

"நான்தான்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"ஒரு தடவ உள்ள வந்ததுக்குப் புடிச்சு அடிச்சாங்க அக்கா. எல்லாருகிட்டயும் மரத்துலேர்ந்து விழுந்தேன்னு சொன்னேன். உனக்குத் தெரிஞ்சா நீயும் வருவே. வந்தா திரும்பி வரமாட்டே. அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டே இருந்தேன்."

அந்த வனக் காவலர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அடித்தவர்கள் யாரோ, எந்தக் காலமோ. இவர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார். ஆனாலும் கழற்றினார்.

கெம்பம்மா உட்கார்ந்து கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். அழவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது. கௌதமி திரும்பி நின்றுகொண்டாள். காட்டில் ஏதோ ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அதிகாரி தூரத்திலிருந்தே கேட்டார்: "குறிச்சுக்கலாமா அம்மா? வேண்டாம்னா விட்டுடறேன்."

கெம்பம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தார். ஹொன்னய்யா மெல்லத் தலையசைத்தார்.

"குறிச்சுக்கோ. ஆனா கிட்ட வராத. அங்கேயே நின்னு குறி" என்றார். அதை நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி நின்ற இடத்தை விட்டு ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. படமும் எடுக்கவில்லை.

திரும்பும்போது கெம்பம்மா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கம்பை நான் தூக்கி வந்தேன். ஜீப்பை யாரோ டிராக்டர் கட்டி இழுத்து வைத்திருந்தார்கள்.

கடைசி நாள், வாக்குமூலம் பதிவு செய்ய அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவும் தம்பியும் துவைத்த துணி உடுத்திப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வாசலில் தட்டு இட்லி விற்றார்கள். ஒரு தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி. நாலு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். ஹொன்னய்யா தன் இட்லியில் பாதியைப் பிய்த்து அக்காவின் தட்டில் வைத்தார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உள்ளே அதிகாரியும் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண்ணும் இருந்தார்கள். கெம்பம்மா பேசினார். நான் தமிழில் சொன்னேன். கௌதமி கன்னடத்தில் சொன்னாள். அந்தப் பெண் தட்டினார். மூன்று பேச்சைத் தாண்டிப் போனதில் கரடியும் மாமியாரும் என்னவாகப் போய்ச் சேர்ந்தார்களோ தெரியாது. ஒவ்வொரு பத்தியையும் படித்துக் காட்டச் சொன்னார் கெம்பம்மா. ஓரிடத்தில் நிறுத்தி, "லாரில ஏறினோம்னு இல்ல, ஏத்தினாங்கன்னு போடு" என்றார். போட்டார்கள்.

இடுகாட்டுப் பகுதி வந்தது. யார் யாரைப் புதைத்தது என்று ஹொன்னய்யா சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா, பெரியப்பா, கிழங்கு தோண்டும்போது பாம்பு கடித்த ஓர் அத்தை. கடைசியில் அக்காவின் பெண் குழந்தை என்றார்.

"மகுவின ஹெசரு?" என்று தட்டச்சு செய்த பெண் நிமிராமல் கேட்டார். குழந்தையின் பெயர் கேட்கிறார்.

"பேரு வெக்கல. வெக்கறதுக்குள்ள போயிடுச்சு" என்றார் ஹொன்னய்யா.

"பெயரிடப்படாத குழந்தைன்னு போட்டுக்கலாம், அது போதும்" என்று கௌதமி மெதுவாகச் சொன்னாள்.

"பேரு இருக்கு" என்றார் கெம்பம்மா.

ஹொன்னய்யா திரும்பிப் பார்த்தார்.

"ஹொன்னி."

தம்பியின் பெயரிலிருந்து எடுத்த பெயர்.

"எப்ப வெச்ச அக்கா?" என்று ஹொன்னய்யா கேட்டார்.

"நீ அவளத் தோள்ல போட்டுட்டு மேல ஏறிப் போனே இல்ல, அன்னைக்கு. குடிசை வாசல்ல படுத்துக்கிட்டுப் பாத்தேன். யாருமே கூடப் போவல. பேரில்லாம எப்படி அனுப்புறது? அதான் உன் பேர வெச்சேன். வாயத் தொறந்து யாருகிட்டயும் சொன்னதில்ல."

நான் இதை மொழிபெயர்க்க வேண்டும். முயன்றேன், முடியவில்லை. கௌதமியும் என்னைக் கேட்கவில்லை. மனு இப்போது மேலதிகாரிகளிடம் போயிருக்கிறது. இதை எழுதும் வரை முடிவு வரவில்லை.

அன்றைக்கு அந்தப் பெண் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு, பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.